டிஆர் 4 என்றால் நான்காவது ஸ்டேஜா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. கரூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கழுத்தில் வலியோ வீக்கமோ எதுவும் இல்லை. ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனும் சேர்ந்திருந்தது. அதில் தைராய்டில் இரண்டு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். வலப்பக்கம் 12 மி.மீ., டிஆர் 4. இடப்பக்கம் 23 மி.மீ., டிஆர் 1. அண்ணன் பயந்துபோய் மூன்று வாரத்துக்குள் கோவைக்கு அழைத்துப்போய் இன்னொரு ஸ்கேன் எடுக்க வைத்தார். அங்கே வலப்பக்கக் கட்டி 13 மி.மீ. என்று வந்திருக்கிறது. உள்ளே சில வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகவும் எழுதி, டிஆர் 4, எஃப்என்ஏசி (ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) செய்யவும் என்று முடித்திருக்கிறார்கள். ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 2.1. எங்கள் குடும்ப டாக்டர், கட்டி கரைவதற்கு 25 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். நான்கு என்றால் முற்றிவிட்டது என்று அர்த்தமா? மூன்று வாரத்தில் 1 மி.மீ. வளர்ந்திருக்கிறதே? பெரிய கட்டியை விட்டுவிட்டுச் சின்னதை ஏன் குத்தச் சொல்கிறார்கள்? ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார் நாத்தனார். பெரியம்மாவுக்கு ரொம்ப வருடத்துக்கு முன்னால் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. பேசாமல் மொத்தத்தையும் எடுத்துவிடலாமா? ப்ளஸ் டூ படிக்கும் மகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: அந்த நான்கை முதலில் முடித்துவிடுவோம். அது ஸ்டேஜ் இல்லை. புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்வதுதான் ஸ்டேஜ். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் டிஆர், புற்றா இல்லையா என்றே தெரியாத ஒரு கட்டிக்கு அதன் தோற்றத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் தரம். முழுப்பெயர் டை-ராட்ஸ். மார்பகப் பரிசோதனைக்கு ஏற்கெனவே இருந்த பை-ராட்ஸ் முறையைப் பார்த்து, 2009இல் சிலி நாட்டு மருத்துவர்கள் தைராய்டுக்கும் ஒன்றை உருவாக்கினார்கள். அப்புறம் கொரியா, ஐரோப்பா என்று ஆளுக்கொரு முறை வந்துவிட்டது. உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் இருப்பது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 2017இல் வெளியிட்ட முறை. அதில் டிஆர் 1 முதல் டிஆர் 5 வரை ஐந்து படிகள். டிஆர் 4 கட்டிகளில் 100க்கு 5 முதல் 20 வரை புற்றாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மீதி 80க்கு மேல் ஒன்றும் செய்யாதவை. கவனிக்க வேண்டிய கட்டிதான். ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை.

தைராய்டில் கட்டி என்பதே அபூர்வமும் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை வரிசையாகப் படுக்க வைத்து அல்ட்ராசவுண்ட் பார்த்தால், ஆய்வுக்கு ஆய்வு 100க்கு 19 பேர் முதல் 68 பேர் வரை ஏதோ ஒரு கட்டி தென்படுகிறது. பெண்களுக்கு அதிகம், வயதாக ஆக இன்னும் அதிகம். கையால் தடவிப் பார்த்தால் இதில் பெரும்பகுதி தெரியவே தெரியாது. உங்களுக்கும் அந்தப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேன் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, பார்த்தாகிவிட்டது, இனி பார்த்ததைச் சரியாகப் படிக்க வேண்டும்.

எப்படிப் படிக்கிறோம் என்று சொல்கிறேன். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்க்கச் சொல்லியிருப்பார்கள், ஜெல் தடவியிருப்பார்கள். திரையில் நடுவில் மூச்சுக்குழல், இரு பக்கமும் துடிக்கும் கழுத்துத் தமனிகள், இடையில் சற்று வெளுத்த சாம்பல் நிறத்தில் தைராய்டு. அதற்கு முன்னால் பட்டையாக ஓடும் கழுத்துத் தசைகள் தைராய்டைவிடக் கறுப்பாகத் தெரியும். இந்தச் சாம்பலும் கறுப்பும்தான் எங்களுக்கு அளவுகோல். கட்டியில் ஐந்து விஷயங்களைப் பார்த்துப் புள்ளிக்கணக்கு போடுகிறோம்.

கட்டி முழுக்கத் திடமாக இருந்தால் 2, பாதி நீர் பாதி திடம் என்றால் 1, வெறும் நீர்ப்பை என்றால் 0. நிறம் தைராய்டு மாதிரியோ அதைவிட வெளுப்பாகவோ இருந்தால் 1, அதைவிடக் கறுப்பு என்றால் 2, கழுத்துத் தசையையும் மிஞ்சிய கறுப்பு என்றால் 3. வடிவத்தில் நாங்கள் தேடுவது ஒன்றே ஒன்று: குறுக்குவெட்டில் பார்க்கும்போது கட்டி அகலத்தைவிட உயரமாக, அதாவது தோலிலிருந்து உள்நோக்கி நீண்டு நிற்கிறதா என்று. சாதுவான கட்டிகள் சுற்றியுள்ள திசுவை விலக்கிக்கொண்டு அதன் போக்கிலேயே வளர்வதால் படுத்த மாதிரி இருக்கும். புற்று அந்தப் போக்கை மதிக்காமல் குறுக்கே வெட்டி வளரும். நிமிர்ந்து நின்றால் ஒரேயடியாக 3. விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் 0, மங்கலாக இருந்தாலும் 0, கோணல்மாணலாக இருந்தால் 2, தைராய்டைத் தாண்டி வெளியே நுழைந்திருந்தால் 3. ஐந்தாவது, வெள்ளைப் புள்ளிகள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் விஷயமே அதில்தான் இருக்கிறது.

ரத்த ஓட்டம், அதாவது டாப்ளரில் சிவப்பும் நீலமுமாகத் தெரிவது, இந்தக் கணக்கில் இல்லை. கோவை ரிப்போர்ட்டில் ‘ரத்த ஓட்டம் அதிகம்’ என்ற வரிக்கு அடியில் அண்ணன் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். அந்தக் கோட்டை அழித்துவிடலாம்.

முதல் ரிப்போர்ட்டின்படி உங்கள் வலப்பக்கக் கட்டி திடமானது, 2. தைராய்டைவிடக் கறுப்பு, 2. அகலம் 10, ஆழம் 8, ஆகவே படுத்த கட்டி, 0. விளிம்பு வழுவழுப்பு, 0. புள்ளிகள் இல்லை, 0. மொத்தம் 4. நான்கு முதல் ஆறு வரை டிஆர் 4. கணக்கு சரியாக இருக்கிறது. டிஆர் 4 கட்டிக்கு இந்த முறைப்படி 15 மி.மீ. தொட்டால்தான் ஊசி. 10 முதல் 15க்குள் இருந்தால் ஸ்கேனிலேயே கண்காணிப்பு. உங்களுடையது 12.

கோவை ரிப்போர்ட்டில்தான் இடிக்கிறது. அங்கே ‘சில வெள்ளைப் புள்ளிகள்’ என்று எழுதியிருக்கிறார்கள். என்ன புள்ளி என்று எழுதவில்லை. வெள்ளைப் புள்ளி எல்லாம் ஒரே ஜாதி கிடையாது. தைராய்டுக்குள் கொலாய்டு என்ற கூழ் போன்ற திரவம் இருக்கும். அது கெட்டியாகித் திரவத்துக்குள் மின்னும்போது, புள்ளிக்குப் பின்னால் வால் நட்சத்திரம் மாதிரி ஒரு கூம்பு வெளிச்சம் தெரியும். அது நல்ல சகுனம், 0. இன்னொன்று பெரிய சுண்ணாம்புப் படிவு. அதற்குப் பின்னால் ஒலி போகாது, அதனால் கறுப்பு நிழல் விழும். அதற்கு 1. அதுவே கட்டியைச் சுற்றி ஓடு மாதிரி படிந்திருந்தால் 2. மூன்றாவதுதான் நாங்கள் பயப்படுவது: ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய, நிழல் விழாத, ஊசிமுனைப் புள்ளிகள். தைராய்டுப் புற்றில் அதிகம் வரும் பாப்பிலரி வகைக்குள் நுண்ணிய சுண்ணாம்பு உருண்டைகள் இருப்பதுண்டு. அவை திரையில் இப்படித்தான் தெரியும். அதற்கு 3.

இந்த மூன்றைத் தவிர ஆளை ஏமாற்றும் ஒரு வகையும் உண்டு. கட்டிக்குள் மிகச் சிறிய நீர்ப்பை இருந்தால் அதன் பின்சுவர் ஒரு வெள்ளைக் கீற்றாக மின்னும். அவசரத்தில் பார்த்தால் ஊசிமுனைப் புள்ளி மாதிரியே இருக்கும். புரோபை, அதாவது கழுத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை, மெல்லச் சாய்த்து, படத்தைப் பெரிதாக்கி, இரண்டு தளத்திலும் பார்த்தால்தான் புள்ளியா கோடா என்று பிரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கோவையில் பார்த்தது ஊசிமுனைப் புள்ளியாக இருந்தால் 4 கூட்டல் 3, மொத்தம் 7. ஏழு வந்தால் டிஆர் 5. டிஆர் 5 கட்டிக்கு 10 மி.மீ. தாண்டினாலே ஊசி. உங்களுடையது தாண்டியிருக்கிறது. அப்படியானால் எஃப்என்ஏசி செய்யச் சொன்னது சரி, டிஆர் 4 என்று எழுதியது தவறு. பெரிய சுண்ணாம்புப் படிவாக இருந்தால் மொத்தம் 5. அப்போது டிஆர் 4 சரி, ஆனால் 13 மி.மீ.க்கு இந்த முறைப்படி ஊசி தேவைப்படாது. இரண்டில் ஏதோ ஒன்றுதான் பொருந்துகிறது.

இதில் கோவை மருத்துவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலில் இப்படித் திடமான, கறுப்பான கட்டிக்கு, வேறு எந்தக் கெட்ட அடையாளமும் இல்லாவிட்டாலும், 1 செ.மீ. ஆனாலே ஊசி போடலாம் என்று இருக்கிறது. தரத்தை ஒரு முறைப்படி எழுதிவிட்டு, ஆலோசனையை இன்னொரு முறைப்படி சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. நோயாளிக்குத்தான் தலை சுற்றும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை மூன்றாவது சென்டரைத் தேடிப் போவது இல்லை. கோவையில் ஸ்கேன் எடுத்த அதே மருத்துவரிடம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘நீங்கள் பார்த்த வெள்ளைப் புள்ளி எந்த வகை, அதையும் சேர்த்து மொத்தம் எத்தனை பாயிண்ட்?’ தயங்க வேண்டாம், நியாயமான கேள்விதான். சந்தேகம் இருந்தால் அவரே மறுபடி புரோபை வைத்துப் பார்த்துவிடுவார், ஐந்து நிமிட வேலை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஃபிலிம் படத்தை நானும் பார்த்தேன். செல்போனில் எடுத்தது, மேலே டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. அதில் புள்ளியைத் தேடுவது வீண். அல்ட்ராசவுண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய பரிசோதனை. வாட்ஸ்அப்பில் படம் வாங்கிக்கொண்டு யாராவது உறுதியாகச் சொன்னால், நான் உட்பட, நம்பாதீர்கள்.

ஊசிமுனைப் புள்ளிதான் என்று அவர் சொன்னால், யோசிக்காமல் எஃப்என்ஏசி செய்துகொள்ளுங்கள். இல்லை என்றால், என் சாய்வு காத்திருப்பதன் பக்கம்தான்: ஒரு வருடம் கழித்து ஸ்கேன், பிறகு இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது வருடங்களில். ஆனால் ஒரு வருடம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வகுப்பில் பாடம் நடத்த முடியாது என்று தோன்றினால், ஊசி போட்டுப் பார்த்துவிடுவதிலும் தவறில்லை. இரண்டு வழிக்கும் ஆதாரம் இருக்கிறது. நிம்மதி எதில் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே சமயம், இரண்டு ரிப்போர்ட்டிலும் கழுத்து நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதல் ரிப்போர்ட்டில் நீள்வட்டமான, நடுவில் கொழுப்பு தெரியும் சிறிய நெறிகள் என்று இருக்கிறது. அது எல்லோர் கழுத்திலும் இருப்பது. உருண்டையாகி, நடுக்கொழுப்பு மறைந்து, உள்ளே புள்ளியோ நீரோ தெரிந்தால்தான் கவலை. கோவை ரிப்போர்ட்டில் நெறி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போகும்போது அதையும் கேட்டுவிடுங்கள்.

சரி, இடப்பக்கத்து 23 மி.மீ. கட்டி. ஆப்பத்தின் நடுவில் தெரியுமே, நெருக்கமாகச் சின்னச் சின்னத் துளை, அதுபோல் பாதிக்கு மேல் குட்டி நீர்ப்பைகளால் நிறைந்த கட்டி அது. இப்படிப்பட்டவற்றில் புற்று இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதனால் இந்த முறையில் அளவு எவ்வளவு என்றாலும் ஊசி கிடையாது, கண்காணிப்பும் கிடையாது. நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகம்தான். பெரியதுதான் ஆபத்தானது என்று நினைப்பது இயல்பு. தைராய்டில் அளவு இரண்டாவதாகத்தான் வருகிறது, முகம் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் அளவைப் பார்க்கிறோம். அந்தக் கட்டி விழுங்கும்போது இடைஞ்சல் செய்யும் அளவுக்கோ கழுத்தில் துருத்திக்கொண்டு தெரியும் அளவுக்கோ வளர்ந்தால், அப்போது அந்தத் தொந்தரவுக்காக ஏதாவது செய்யலாம்.

மூன்று வாரத்தில் ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி என்பது வளர்ச்சியே இல்லை. ஒரே கட்டியை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலும் இந்த வித்தியாசம் வரும். புரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும். குறைந்தது இரண்டு பக்க அளவுகளிலாவது 20 சதவீதமும், அதில் குறைந்தது 2 மி.மீ.யும் கூடியிருந்தால், அல்லது கன அளவு பாதிக்கு மேல் கூடியிருந்தால்தான் வளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இதற்காகத்தான் அடுத்தடுத்த ஸ்கேனை முடிந்தவரை ஒரே இடத்தில் எடுக்கச் சொல்கிறேன். சிடியைப் பத்திரமாக வைத்திருங்கள். புது ஸ்கேனைக் கடைசி ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டால் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டராக நகர்வது கண்ணில் படாது, முதல் ஸ்கேனோடும் ஒப்பிட வேண்டும்.

நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். ‘ஊசி பட்டால் பரவும், கத்தி பட்டால் பரவும்’ என்பது நம் ஊரில் வேரூன்றிப் போன பயம். பரிசோதனை செய்யாமல் தள்ளிப்போட்டு, நோய் முற்றிய பிறகு வந்தவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சே பரவியிருக்க வேண்டும். தைராய்டு எஃப்என்ஏசிக்குப் பயன்படுத்தும் ஊசி, ரத்தம் எடுக்கும் வழக்கமான ஊசியைவிட மெல்லியது. ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டி வளர்வது மருத்துவ இதழ்களில் தனியாகப் பதிவு செய்யும் அளவுக்கு அரிது. செய்முறையும் எளிது: ஸ்கேன் எடுத்த மாதிரியே படுக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள். இரண்டு மூன்று தடவை குத்த வேண்டியிருக்கும். ஊசி உள்ளே இருக்கும் சில நொடிகள் எச்சில் விழுங்காமல், பேசாமல் இருந்தால் போதும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்று மாலை கழுத்து கொஞ்சம் வலிக்கும், லேசாகக் கன்றிப்போகலாம். மறுநாள் பள்ளிக்குப் போகலாம்.

எஃப்என்ஏசி ரிப்போர்ட்டில் ‘பெத்தெஸ்டா’ என்று போட்டு 1 முதல் 6 வரை ஓர் எண் வரும். அதுவும் ஸ்டேஜ் இல்லை, இப்போதே சொல்லிவைக்கிறேன். 2007இல் அமெரிக்காவில் பெத்தெஸ்டா என்ற ஊரில் கூடிப் பேசி உருவாக்கியதால் அந்த ஊரின் பெயர். 1 என்றால் செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். இதைப் பலர் ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 2 என்றால் சாதுவானது. 6 என்றால் புற்று, 5 அதற்கு அருகில். 3, 4 இரண்டும் குழப்பமான நடுப்பகுதி. அதற்குக் காரணம் இருக்கிறது. ஃபாலிகுலர் என்று ஒரு வகைக் கட்டி உண்டு. அது புற்றா இல்லையா என்பது, கட்டியைச் சுற்றியுள்ள உறையை அது உடைத்துக்கொண்டு போயிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஊசியில் வருவது செல்கள் மட்டும்தான், உறை வராது. ஸ்கேனிலும் அந்த வகை பெரும்பாலும் வெளுப்பாக, வழுவழுப்பாக, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஆகவே எங்கள் மதிப்பெண் முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பாப்பிலரி வகையைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும், ஃபாலிகுலர் வகையில் தடுமாறும். கட்டியைக் கொஞ்ச காலம் தொடர்ந்து பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘பேசாமல் மொத்தத்தையும் எடுத்துவிடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு ஒரு நாடே பதில் சொல்லியிருக்கிறது. தென் கொரியாவில் 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பணத்தில் கழுத்து ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன, உங்கள் பேக்கேஜ் மாதிரியேதான். 2011 வாக்கில் அங்கே தைராய்டுப் புற்று கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்காகிவிட்டது. அந்த ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல். ஆனால் தைராய்டுப் புற்றால் இறப்பவர்கள் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது, காலம் முழுக்கத் தொந்தரவு தராமல் கிடந்திருக்கக்கூடிய குட்டிப் புற்றுகளைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து வெட்டியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குப் தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு பாதிக்கப்பட்டுக் கால்சியம் பிரச்சினை வந்தது. சுமார் 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் அங்குள்ள மருத்துவர்களே கூடி இதை வெளிப்படையாக எதிர்த்த பிறகு, ஒரே வருடத்தில் தைராய்டு ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

குரலை வைத்துப் பிழைக்கும் ஆசிரியைக்கு அந்த 2 சதவீதம் சின்ன எண் இல்லை.

ஜப்பானியர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனையில் 1993 முதல், 1 செ.மீ.க்கு உட்பட்ட, ஆபத்தான இடத்தில் இல்லாத பாப்பிலரி புற்றை, புற்று என்று ஊசியில் உறுதியான பிறகும், வெட்டாமல் கண்காணித்து வந்தார்கள். 1,235 பேரைத் தொடர்ந்ததில் பத்து வருடத்தில் 8 சதவீதம் பேருக்குத்தான் கட்டி 3 மி.மீ.யோ அதற்கு மேலோ வளர்ந்தது. நெறிக்குப் பரவியது 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்படி வளர்ந்தவர்களுக்கு அப்போது ஆபரேஷன் செய்தார்கள், தாமதத்தால் யாரும் சாகவில்லை. உங்கள் கட்டி 1 செ.மீ.யைச் சற்றே தாண்டியது, ஆகவே அந்த முடிவை அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் உறுதியான புற்றையே பொறுமையாகப் பார்க்க முடிகிற உறுப்பில், சந்தேகத்துக்கு மொத்தமாக வெட்டுவது எந்தக் கணக்கிலும் வராது. ஒருவேளை ஊசியில் 6 என்றே வந்தாலும், இந்த அளவில், நெறி பாதிக்கப்படாவிட்டால், பாதித் தைராய்டை மட்டும் எடுத்தாலே பெரும்பாலும் போதும். மொத்தத்தையும் எடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரை.

மாத்திரை என்றதும் உங்கள் 25 மைக்ரோகிராம் ஞாபகம் வருகிறது. டிஎஸ்ஹெச் 2.1 என்றால் உங்கள் தைராய்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. கட்டியைக் கரைப்பதற்காக இந்த மாத்திரை கொடுப்பது பழைய வழக்கம். அயோடின் பற்றாக்குறை இல்லாதவர்களுக்கு இது வேண்டாம் என்றுதான் இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கட்டி சுருங்கினாலும் பெரிதாகச் சுருங்காது, மாத்திரை அளவு கூடினால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும் வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். எதற்காகக் கொடுத்தார், டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்) போல வேறு ஏதாவது காரணம் இருந்ததா என்று அந்த டாக்டரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவரை வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டில் யாராவது யூடியூப் பார்த்து இந்துப்புக்கு மாற்றியிருந்தால் மட்டும் சாதாரண அயோடின் உப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக மகளும் பெரியம்மாவும். அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டுப் புற்றைத் தேடி ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவக் குழு 2017இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஸ்கேன் டாக்டராக இருந்துகொண்டே. மகளுக்கு எதுவும் வேண்டாம், பரீட்சைக்குப் படிக்கட்டும். கழுத்தில் கையில் தட்டுப்படும்படி கட்டி வந்தாலோ, காரணமில்லாமல் குரல் கம்மிப்போய் வாரக்கணக்கில் நீடித்தாலோ பார்க்கலாம். குரல் கம்மல், விழுங்கச் சிரமம், வேகமாகப் பெரிதாகும் கட்டி, இவை உங்களுக்கு வந்தாலும் அடுத்த வருட ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு பெரியம்மாவிடம் இருக்கிறது. அவருக்கு என்னவாக இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரணக் கழலைக்காக எடுத்திருந்தால் விட்டுவிடலாம். ஆனால் மெடுல்லரி என்று ஒரு வகைப் புற்று உண்டு. அது வருபவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குப் பரம்பரையாக வருகிறது. அந்த வார்த்தை அவர் ரிப்போர்ட்டில் இருந்தால், நான் இதுவரை சொன்ன காத்திருக்கும் கணக்கு மாறிவிடும்: உங்களுக்கு ரத்தத்தில் அந்த வகைப் புற்று சுரக்கும் கால்சிடோனின் என்ற ஹார்மோனைப் பார்க்க வேண்டும், ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ‘தைராய்டு அகற்றப்பட்டது’ என்று மட்டும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஆபரேஷனுக்குப் பிறகு வந்த சதைப் பரிசோதனை ரிப்போர்ட். பெரியம்மா வீட்டு பீரோவில் எக்ஸ்ரே கவர்களோடு எங்காவது கிடக்கும். கோவைக்குப் போவதற்கு முன்னால் அதைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை கொடுத்தார்களா, வருடாவருடம் எந்த ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள் என்றாவது கேட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்தே எந்த வகை என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.